முட்டைக்குப் பன்னிரண்டு அறை

கொச்கோரில் அந்த இரவு
கம்பளி விரிப்பின் ஆட்டுக்கொம்பு வடிவங்கள் மேல்
லென்ஸ்களை நிறுத்திவைத்தேன்.
ஐந்து. மூடி உள்ளவை நான்கு.
இருபத்துநான்கின் மூடி போன மாதம்
ஒரு கல்யாணத்தில்
பிலாவு அண்டாவுக்குள் விழுந்தது.
யாருக்கும் சொல்லவில்லை.

கல்யாணத்துக்கு எது என்று
தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.
மணப்பெண்ணின் கண்ணீருக்கு எண்பத்தைந்து.
மாமன்மார் தோள் இடித்து நிற்க இருபத்துநான்கு.
ஏரிக்கு?

பதினோரு வருடம் பிஷ்கெக்கில் பிறர் சிரிப்பை எடுத்தவள்
முதல்முறை
கூலி இல்லாத படத்துக்குக் கிளம்பியிருக்கிறேன்.
கழுகு வந்துவிட்டால் என்ற பயத்துக்கு
எழுபது–இருநூறு.
வானம் மொத்தமும் வேண்டும் என்ற பேராசைக்குப் பதினாறு.
ஒன்றை உள்ளே வைத்தால்
வெளியே இருப்பது முறைக்கிறது.

பை புதிது.
தவணையில் இரண்டு பாக்கி.
நுரைச்சுவர் வைத்த பன்னிரண்டு அறைகள்,
மழைக்கு ஓர் உறை,
அந்த உறையைச் சுருட்டி வைக்க இன்னோர் உறை.

விடிந்ததும் எர்மெக் குதிரைகளோடு வந்தான்.
பத்தொன்பது வயது, காதில் ரோமத்தொப்பி.
பையைத் தூக்கிப் பார்த்தான்.
"எஜே, இதை மாட்டிக்கொண்டு கணவாய் ஏறினால்
குதிரை முன்னால் போகும்,
நீங்கள் பின்னால் போவீர்கள்."

சேணத்தின் குறுக்கே குர்ஜூனைப் போட்டான்.
இரண்டு வயிறு உள்ள கம்பளிப் பை அது.
இடமும் வலமும் ஒரே கனம் இருக்கவேண்டும்;
இல்லாவிட்டால் சேணம் சரியும், குதிரை முதுகு புண்ணாகும்.
இடப்பக்கம் என் நீள லென்ஸ்.
வலப்பக்கம் ஒரு கிலோ சர்க்கரை. போதவில்லை.
உப்புக்கட்டி. ம்ஹூம்.
இரண்டு லாடம் போட்டதும் நின்றது.

"இது என்ன செய்யும்?"
"தூரத்தில் இருப்பதைக் கிட்டே கொண்டுவரும்."
"அதற்குத்தானே குதிரை."

கிண்டலா என்று முகத்தைப் பார்த்தேன்.
வாரை இறுக்கிக்கொண்டிருந்தான்.
வீம்புக்காகவே நீள லென்ஸை விடவில்லை.
முப்பத்தைந்து கேமராவோடு கழுத்தில்.
மற்ற மூன்றும் அவன் அம்மாவின் அலமாரியில்,
பீங்கான் கிண்ணங்களுக்குப் பின்னால்.

அப்புறம்தான் தயங்கித் தயங்கிக் கேட்டான்.
பை சும்மாதானே இருக்கிறது?
மேலே அவன் அக்கா பெர்மெத், ஜூன் மாதத்திலிருந்து.
பாலுக்கும் வெண்ணெய்க்கும் பஞ்சமில்லை.
முட்டை மட்டும் போய்ச் சேர்வதில்லை.
"போன தடவை வைக்கோலில் வைத்தேன்.
சேணம் முழுக்க ஆம்லெட்."

அறைக்கு இரண்டாக இருபத்துநான்கு முட்டை.
நீள லென்ஸுக்கு என் கம்பளிக் காலுறை.
பையை நானே முதுகில் மாட்டிக்கொண்டேன்.
ஆறு மணி நேரம்
தும்மலைக்கூட விழுங்கினேன்.

துஸ்-அஷூ உச்சியில் மூடுபனி.
குர்ஜூனுக்குள் கைவிட்டு நீள லென்ஸை எடுத்துப் பார்த்தேன்.
மூடுபனி இன்னும் கிட்டே வந்தது.
கழுகு இருந்திருக்கலாம்.
தலைக்குமேல் ஏதோ ஒன்று
காற்றைக் கிழித்துக்கொண்டு போனது.

சோங்-கோல் கரையில் கூடாரம்.
சர்க்கரையை வாங்கிய கையோடு பெர்மெத்
ஜிப்பைத் திறந்தாள், மெதுவாக,
தூங்கும் பிள்ளையின் போர்வையை விலக்குவதுபோல.
வாய்க்குள் எண்ணினாள்.
இருபத்துமூன்று.
எண்பத்தைந்துக்கென்று நான் ஒதுக்கிய அறையில்
ஒன்று விரிசல் விட்டு
மஞ்சள் கரு நுரைக்குள் இறங்கியிருந்தது.
விரலால் வழித்து நாய்க்குக் கொடுத்தாள்.

மேல்வளையத்திலிருந்து வெளிச்சம்
அவள் மணிக்கட்டில் மட்டும் விழுந்தது.
பின்வாங்கினேன். கூடாரச் சுவர் முதுகில் இடித்தது.
முப்பத்தைந்துக்குள் அவள் கை, பை, நாயின் பாதி முகம்.
அவ்வளவுதான் பிடித்தது.

திரும்பும்போது
நீள லென்ஸுக்கு ஈடாக வலப்பக்கம்
உலர்ந்த குருத் உருண்டைகள்.
ஒரு கைப்பிடி குறைத்துக் கொடுத்திருப்பாள் போல,
வழியெல்லாம் சேணம் இடப்பக்கமே சாய்ந்தது.

போன சனிக்கிழமைக் கல்யாணத்தில்
மாப்பிள்ளையின் அத்தை
பையைத் தாண்டிப் போகையில் மூக்கைச் சுளித்தாள்.
கழுவவேண்டும்.
அந்த இரண்டு தவணையையும் கட்டிவிட்டு.